உராகாமி பேராலயம்: இடிபாட்டை ஏன் விட்டுவைக்கவில்லை?

2025 ஆகஸ்ட் 9, காலை 11 மணி 2 நிமிடம். ஜப்பானின் நாகசாகி நகரில், உராகாமி பேராலயத்தின் இரண்டு கோபுரங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இடது கோபுரத்தில் அதற்கு முன் 80 ஆண்டுகளாக மணியே கிடையாது. 1945-ல் அதே நாள், அதே நேரத்தில் வெடித்த அணுகுண்டு அந்த மணியை உடைத்துப்போட்டது. பிறகு கோயிலைக் கட்டினார்கள், கோபுரங்களையும் எழுப்பினார்கள். இடது கோபுரம் மட்டும் வெறுமையாகவே நின்றது.

அந்த இரட்டைக் கோபுரங்கள் முதன்முதலில் கட்டி முடிந்தது 1925-ல். ஆக, கோபுரத்துக்கு நூறாண்டு, குண்டுக்கு எண்பதாண்டு என்று இரண்டும் ஒரே வருஷத்தில் வந்து சேர்ந்தன. உலகம் கவனித்தது இரண்டாவதைத்தான். அதில் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இந்தக் கோயிலின் கதையில் எனக்குப் பெரிதாகப் படும் ஆண்டு 1925-ம் இல்லை, 1945-ம் இல்லை. அது 1958.

ஹிரோஷிமாவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த இடிந்த கட்டடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். இரும்புக் கம்பிகள் மட்டும் மிஞ்சிய கும்மட்டத்தோடு ஆற்றங்கரையில் நிற்கும் பழைய கண்காட்சி மண்டபம் அது. அதைக் காப்பது என்று 1966-ல் ஹிரோஷிமா மாநகர மன்றம் முடிவெடுத்தது. 1996-ல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. நாகசாகியிலும் அதற்கு ஈடான இடிபாடு ஒன்று இருந்தது. சொல்லப்போனால் பார்ப்பவரை அதைவிட உலுக்கக்கூடியது. பாதியில் நின்ற செங்கல் சுவர்கள், தலை பறிபோன புனிதர்களின் சுரூபங்கள், கூரையே இல்லாத ஒரு மாபெரும் கோயில். ஏறக்குறைய 13 ஆண்டுகள் அது அப்படியே நின்றது. 1958-ல் இடித்துவிட்டார்கள். இடித்தது அந்தக் கோயிலின் சொந்தச் சபையேதான்.

ஏன் இடித்தார்கள் என்று கேட்டால் உடனே வரும் பதில், அமெரிக்காவின் நெருக்குதல் என்பது. அதைச் சுத்தப் பொய் என்று தள்ள முடியாது. பின்னால் அதற்கு வருவோம். ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிட்டால் உராகாமி மக்களை வெறும் தலையாட்டிகளாக்கிவிடுகிறோம். அவர்களுக்கும் அந்த நிலத்துக்கும் இருந்த கணக்கு 1945-ல் தொடங்கியதில்லை. குண்டு விழுவதற்கு 250, 300 வருஷம் முன்பே தொடங்கிய கணக்கு அது.

இந்தக் கதையின் முதல் ஆள் நமக்குத் தெரிந்தவர்தான். 1542 முதல் முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்து, தமிழில் மந்திரங்களை மனப்பாடம் பண்ணி, கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தாரே, அந்தப் பிரான்சிஸ் சவேரியார். 1549 ஆகஸ்ட் 15 அன்று அவர் ஜப்பானின் ககோஷிமாவில் கரை இறங்கினார். மாதாவின் விண்ணேற்புத் திருநாள் அது. இந்தத் தேதி இந்தக் கதையில் இன்னும் இரண்டு முறை வரும்.

சவேரியார் அங்கே தங்கியது இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல்தான். அவருக்குப் பின் வந்த இயேசு சபையாரின் காலத்தில்தான் நாகசாகி என்ற ஊரே உருவாயிற்று. 1571-ல் போர்ச்சுக்கீசியக் கப்பல்களுக்காகத் துறைமுகம் திறந்தது. 1580-ல் ஓமுரா சுமிதாதா என்ற கிறிஸ்தவச் சிற்றரசர் துறைமுகத்தையே இயேசு சபைக்கு எழுதிக்கொடுத்தார். நான்கு ஆண்டு கழித்து அரிமா ஹருனோபு என்ற இன்னொரு சிற்றரசர், பக்கத்திலிருந்த உராகாமி கிராமத்தைக் கொடுத்தார். ஒரு அந்நிய மதத்தின் குருக்கள் கையில் துறைமுகமும் கிராமமும் போனால் எந்த அரசுதான் சும்மா இருக்கும்? 1587-ல் ஜப்பானைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்திருந்த ஹிதேயோஷி, குருக்களை வெளியேறச் சொன்னார். 1597 பிப்ரவரியில் 26 பேர் நாகசாகியின் நிஷிசாகா குன்றில் சிலுவையில் அறையப்பட்டார்கள். 1614-ல் நாடு முழுக்கத் தடை. 1644-ல் ஜப்பானில் எஞ்சியிருந்த கடைசிக் குருவும் கொல்லப்பட்டார்.

அதற்கப்புறம் இரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குரு இல்லை, கோயில் இல்லை, பூசை இல்லை. மற்ற எந்த நாட்டிலாவது இப்படி நடந்திருந்தால் அந்த மதம் அங்கே தடம் தெரியாமல் போயிருக்கும். உராகாமியில் போகவில்லை. அதற்குக் காரணம் ஏதோ அசாத்தியமான பக்தி என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதைவிட அவர்கள் வைத்திருந்த ஏற்பாடுதான் வியப்பாக இருக்கிறது. குருவுக்குப் பதிலாக வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவர் நாட்காட்டியை வைத்திருப்பவர். எந்த நாள் திருநாள், எந்த நாள் நோன்பு, எந்த நாள் வயலில் இறங்கக் கூடாது என்று கணக்குப் பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. இன்னொருவர் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர். மற்றும் சிலர் வீடு வீடாகச் சேதி கொண்டுபோகிறவர்கள். நம் ஊரில் குரு வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் எட்டிப்பார்த்த காலத்தில் கிராமத்துக் கோயில்களை உபதேசியார்கள் தாங்கிப் பிடித்தார்கள் அல்லவா, ஏறக்குறைய அந்த மாதிரி. என்ன, அங்கே பிடிபட்டால் உயிர் போகும்.

அந்த நாட்காட்டி 1634-ம் ஆண்டுக்கானது. பாஸ்தியான் என்ற ஜப்பானிய உபதேசியாரின் பெயரால் அறியப்படுவது. ஏழு தலைமுறை கழித்துப் பெரிய கப்பலில் குருக்கள் வருவார்கள், அப்போது வெளிப்படையாக மந்திரம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று அவர் சொல்லிவைத்ததாக வழிவழியாகப் பேச்சு இருந்தது. தலைமுறை கணக்கை எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.

இனி அந்த நிலத்துக்கு வருவோம். நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும், வருஷப் பிறப்பை ஒட்டி, ஒரு சோதனை நடக்கும். கிறிஸ்துவோ மாதாவோ பொறித்த பித்தளைத் தகட்டைத் தரையில் வைத்து, ஊரிலுள்ள ஒவ்வொருவரும் அதை மிதிக்க வேண்டும். மிதிக்கத் தயங்கினால் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். உராகாமியில் இது நடந்த இடம் ஊர்த்தலைவரின் வீடு. குன்றின் மேல் இருந்த அந்த வீட்டுக்கு வருஷா வருஷம் வரிசையாகப் போய், மிதித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மனஸ்தாப மந்திரம், அதாவது பாவத்துக்கு மனம் வருந்தும் ஜெபம், சொன்னார்கள். குரு இல்லாதபோது, அவரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஈடாக, உத்தம மனஸ்தாபம் போதும் என்று விளக்கும் ஒரு சிறு நூல், தடைக்கு முன்பே ஜப்பானிய மொழியில் வந்திருந்தது. அதைக் கையால் படியெடுத்துப் பாதுகாத்தார்கள். 1850-களின் பிற்பாதியில் அந்த வழக்கம் கைவிடப்படும் வரை, ஒரே ஊர்க்காரர்கள் ஒரே முற்றத்தில் எத்தனை தலைமுறைகளாகத் தலைகுனிந்து நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தக் காலத்தில் உராகாமி நான்கு முறை காட்டிக்கொடுக்கப்பட்டுக் குலைந்தது. 1790-ல் முதல் முறை, பிறகு 1839-ஐ ஒட்டி, அப்புறம் 1856-ல். அந்த மூன்றாவது வேட்டையில் நாட்காட்டிப் பொறுப்பாளரான கிச்சிசோ பிடிபட்டுச் சிறையில் இறந்தார். நான்காவதுதான் மிகப் பெரியது. அதற்கு ஒரு சந்தோஷமான சம்பவமே காரணமாகிவிட்டது.

ஜப்பான் வெளிநாட்டினருக்குத் துறைமுகங்களைத் திறந்த பின், நாகசாகியின் ஓவுரா பகுதியில் வெளிநாட்டினர் வழிபடுவதற்காக ஒரு கோயில் எழுந்தது. கட்டியவர்கள் பாரிஸ் வேதபோதக சபையினர். புதுச்சேரியிலும் சேலம், கும்பகோணம் பக்கங்களிலும் வேலை பார்த்த அதே சபை. 1865 பிப்ரவரியில் அதை அர்ச்சித்தார்கள். மார்ச் 17 அன்று உராகாமியிலிருந்து பத்துப் பதினைந்து பேர், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் போல உள்ளே நுழைந்தார்கள். பெர்னார்ட் பெத்திழான் என்ற குரு பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டிருந்தார். ஒரு பெண் அவர் அருகே வந்து, எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்றுதான் என்றார். அடுத்த கேள்வி, சாந்தா மரியா சுரூபம் எங்கே என்பது. கையில் குழந்தையோடு இருந்த மாதாவைக் காட்டியதும் அவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்தது. பேச்சோடு பேச்சாக, இப்போது துக்க காலம் நடக்கிறது என்றும் சொன்னார்கள். பெத்திழான் திகைத்துப் போனார், ஏனென்றால் அப்போது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம். பாஸ்தியானின் நாட்காட்டி இரு நூற்றாண்டு கடந்தும் சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சந்திப்புக்குப் பின் உராகாமிக்காரர்களால் பழையபடி ஒளிந்திருக்க முடியவில்லை. 1867-ல், செத்தவர்களைப் பௌத்தச் சடங்குப்படி அடக்கம் பண்ண மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். அந்த ஜூலையில் அதிகாரிகள் வந்து இரவோடு இரவாகப் பிடித்துப்போனார்கள். மறுவருஷம் ஷோகுன் என்ற படைத்தலைவர்களின் ஆட்சி ஒழிந்து, பேரரசரின் பெயரில் மெய்ஜி அரசு வந்தது. நவீன அரசு, விட்டுவிடும் என்று பார்த்தால், அதுதான் ஊரையே காலி பண்ணியது. 3,400 பேர் அளவில் மேற்கு ஜப்பானின் வெவ்வேறு பகுதிகளுக்குக் கொத்துக்கொத்தாக நாடு கடத்தப்பட்டார்கள். சுவானோ என்ற ஊரில் மூன்றடிக்கு மூன்றடிக் கூண்டில், நிமிர்ந்து நிற்கவும் முடியாமல் காலை நீட்டவும் முடியாமல் அடைத்தார்கள். பனி உறைந்த குளத்தில் இறக்கினார்கள். 600-க்கும் மேற்பட்டோர் திரும்பவேயில்லை. இந்தக் கொடுமையை உராகாமிக்காரர்கள் பிற்காலத்தில் ‘பயணம்’ என்று மட்டுமே குறிப்பிட்டார்கள்.

மேலை நாடுகளுக்குப் போன ஜப்பானிய அரசின் இவாகுரா தூதுக்குழுவுக்குப் போகிற இடமெல்லாம் இதைப் பற்றியே கேள்வி வந்தது. 1873 பிப்ரவரியில், கிறிஸ்தவத்துக்குத் தடை என்று ஊர்களில் வைத்திருந்த அறிவிப்புப் பலகைகள் இறங்கின. ஊர் திரும்பியவர்களுக்கு வீடும் சரியாக இல்லை, விதைக்க நெல்லும் இல்லை. அப்படிப்பட்ட நிலையில் 1880 வாக்கில் அவர்கள் செய்த முக்கியமான காரியம், நொடித்துப்போன பழைய ஊர்த்தலைவரின் வீட்டையும் நிலத்தையும் விலைக்கு வாங்கியது. ஆமாம், அந்த வீடுதான். தகட்டை மிதித்த அதே இடத்தில் பூசை வைக்க ஆரம்பித்தார்கள்.

1895-ல் அங்கே நிரந்தரக் கோயில் வேலை தொடங்கியது. வரைபடம் போட்டவர் பிரெஞ்சுக் குரு பிரேனோ. விவசாயிகளின் சேமிப்பை நம்பி எழுப்பிய செங்கல் கோயில் என்பதால் வேலை நின்று நின்றுதான் நடந்தது. பிரேனோ 1911-ல் காலமாகிவிட, அவருக்குப் பின் வந்த ராகே தொடர்ந்தார். 1914-ல் அர்ச்சிப்பு, அமலோற்பவ மாதாவுக்கு அர்ப்பணித்தார்கள். 26 மீட்டர் உயரக் கோபுரங்கள் வர இன்னும் 11 ஆண்டு ஆனது. பிரான்சிலிருந்து வந்த பெரிய மணி வலது கோபுரத்திலும் சிறிய மணி இடது கோபுரத்திலும் ஏறின. கீழ்த்திசையிலேயே பெரிய கோயில் என்று அதைச் சொல்வார்கள். தொடங்கியது முதல் முடிந்தது வரை 30 ஆண்டுகள். முழுதாக நின்றது அதன்பின் 20 ஆண்டுகள்.

1945 ஆகஸ்ட் 9 அன்று அந்த விமானம் முதலில் போனது நாகசாகிக்கு இல்லை, கோகுரா நகரத்துக்கு. அங்கே மூட்டமாக இருந்ததால் இலக்கு தெரியவில்லை. மாற்று இலக்கான நாகசாகிக்குத் திரும்பினார்கள். அங்கேயும் மேகம். கடைசியில், குறித்திருந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, உராகாமிப் பள்ளத்தாக்கின் மேல் 500 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. பேராலயத்திலிருந்து அந்தப் புள்ளி கிட்டத்தட்ட 500 மீட்டர் தூரம்தான். ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்குத் தயாராவதற்காக அன்று காலை பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த இரண்டு குருக்களும் உள்ளே இருந்த மக்களும் அங்கேயே மாண்டார்கள். உராகாமியின் கத்தோலிக்கர் 12,000 பேரில் சுமார் 8,500 பேர் போய்விட்டார்கள். ஜப்பானிய அரசு 250 ஆண்டுகள் முயன்று செய்ய முடியாததை ஒரு கிறிஸ்தவ நாட்டின் விமானம் ஒரு நொடியில் செய்துவிட்டது என்று சொன்னால் கடுமையாக இருக்கும்; ஆனால் எண்ணிக்கை அதைத்தான் சொல்கிறது. அதனால்தான் சிலர் இதை உராகாமியின் ஐந்தாவது குலைவு என்று எண்ணினார்கள்.

இடது கோபுரத்தின் மேல்பகுதி, சுமார் 50 டன் எடையுள்ள குமிழ் வடிவக் கட்டுமானம், அப்படியே பெயர்ந்து சரிவில் உருண்டு கீழே ஓடையில் போய் விழுந்தது. எடுத்துப் போட முடியாமல் ஓடையைத்தான் கொஞ்சம் விலக்கிவிட்டார்கள். இன்றும் அது விழுந்த கோலத்தில் அங்கே கிடக்கிறது.

பழைய நகரம் மலை மறைப்பில் இருந்ததால் உராகாமி அளவுக்கு அழியவில்லை. அங்கே இருந்த சிலர், சுவா என்ற ஷிந்தோ கோயிலின் தெய்வத்தை வணங்காதவர்களுக்குக் கிடைத்த தண்டனை என்று பேசினார்கள். குண்டு நாகசாகியில் விழவில்லை, உராகாமியில்தான் விழுந்தது என்ற பேச்சும் இருந்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதுதான். போர்முனையிலிருந்து வீடு திரும்பி, மனைவியும் ஐந்து பிள்ளைகளும் இல்லை என்று அறிந்த ஒருவர், இது தண்டனைதானா என்று தகாஷி நகாயிடம் கேட்டார்.

நகாய் கதிரியக்க மருத்துவர். குண்டு விழுமுன்பே வேலையின் காரணமாக ரத்தப் புற்றுநோய் கண்டிருந்தவர். மனைவி மிதோரி, சிறையில் இறந்த அந்த நாட்காட்டிக்காரர் கிச்சிசோவின் வம்சத்தில் வந்தவர். குண்டுக்கு இரையான அவருடைய எலும்புகளோடு உருகிய ஜெபமாலையும் கிடைத்தது. 1945 நவம்பர் 23 அன்று இடிபாட்டின் முன்னால் நடந்த இறந்தோர் திருப்பலியில் நகாய் பேசினார். போர் முடிந்த நாள் ஆகஸ்ட் 15, மாதாவின் திருநாள்; இது தற்செயலா என்று கேட்டார். உலகப் போரின் பாவத்துக்குப் பரிகாரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாசற்ற செம்மறி உராகாமி என்றார். தண்டனை என்ற பேச்சுக்கு அவர் கொடுத்த மறுமொழி அது. அன்று அழுதுகொண்டு நின்றவர்களுக்கு அது பிடிமானமாக இருந்தது. அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் குண்டு போட்டவர்களையும் போரைத் தொடங்கியவர்களையும் அந்தப் பேச்சு கேள்வி கேட்காமல் விட்டுவிட்டது என்று பின்னால் வந்த சிந்தனையாளர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 1981 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் ஹிரோஷிமாவில் நின்று, போர் மனிதனின் வேலை என்று சொன்னார். கடவுள் சித்தம் என்று வாய் மூடியிருந்த பல கத்தோலிக்கர் அதன் பிறகுதான் பேசத் தொடங்கினார்கள்.

1945 டிசம்பரில் இடிபாட்டைக் கிளறிப் பெரிய மணியை வெளியே எடுத்தார்கள். பெரிய சேதமில்லை. கிறிஸ்துமஸ் இரவில் அதை அடித்தார்கள். சிறிய மணி உடைந்து கிடந்தது.

சரி, 1958-க்கு வருவோம். நாகசாகி மாநகரம் 1949-லேயே அணுகுண்டுச் சான்றுகளைப் பாதுகாக்க ஒரு குழு அமைத்திருந்தது. பேராலய இடிபாட்டைக் காக்க வேண்டும் என்று அந்தக் குழு திரும்பத் திரும்பப் பரிந்துரை செய்தது. சபையோ 1946-ல் போட்ட மரக்கோயிலில் நெருக்கியடித்துக்கொண்டு பூசை கண்டுகொண்டிருந்தது. மறைமாவட்ட ஆயர் யாமாகுச்சி ஐஜிரோ, நாகசாகியின் மண்ணில் பிறந்தவர், புதுக் கோயிலுக்குப் பணம் திரட்ட அமெரிக்கா போனார். 1955 டிசம்பரில் நாகசாகியும் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரமும் சகோதர நகரங்களாயின. ஜப்பானிய, அமெரிக்க நகரங்களுக்கிடையே முதல் உறவு அதுதான். 1956-ல் மேயர் தகாவா சுதோமு அமெரிக்கா போய்வந்தார். போகும் முன்பு பாதுகாப்பதற்குச் சாதகமாக இருந்தவர், வந்த பிறகு மாறிவிட்டார். 1958 பிப்ரவரியில் மாநகர மன்றத்தில் கேள்வி எழுந்தபோது, அணுகுண்டின் கொடுமையைக் காட்ட இந்த இடிபாடு போதுமான சான்றில்லை, அமைதிக்கு இது கட்டாயம் தேவையுமில்லை என்ற தோரணையில் பதில் சொன்னார். மார்ச் மாதம் இடிப்பு வேலை தொடங்கிவிட்டது.

கிறிஸ்தவர்கள் போட்ட குண்டில் இடிந்த கிறிஸ்தவக் கோயில், பனிப்போர் காலத்து அமெரிக்காவுக்குக் கண்ணில் விழுந்த தூசிதான். அதனால் சந்தேகம் எழுவது இயல்பு. பத்திரிகையாளர்கள் இதைத் தோண்டித் துருவியிருக்கிறார்கள். தேதிகள் அடுத்தடுத்து வருவது உறுத்துகிறது. ஆனால் இடித்துவிடு, பணம் தருகிறோம் என்று காட்டத்தக்க நேரடி ஆவணம் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், மேயர் சொன்ன காரணம் நொண்டிக் காரணம். மன்றத்திலேயே அதை எதிர்த்துப் பேசினார்கள்.

ஆயரின் காரணம் வேறு. வேறு இடத்தில் கோயில் கட்டிக்கொள்ளுங்கள், இதை அப்படியே விட்டுவிடுவோம் என்ற யோசனை வந்தபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தகட்டை மிதித்த முற்றம் இது, முன்னோர் திரும்பி வந்து வாங்கிய நிலம் இது, கோயில் இங்கேதான் இருக்க வேண்டும் என்றார். உராகாமியின் வரலாறு தெரியாதவருக்கு இது பிடிவாதமாகப் படும். தெரிந்தவருக்கு, வேறு எந்தப் பதிலையும் அவர் சொல்லியிருக்க முடியாது என்று புரியும். ஹிரோஷிமாவின் கண்காட்சி மண்டபத்தில் யாரும் திருமுழுக்குப் பெறவில்லை, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதை நினைவுச்சின்னமாக்க யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உராகாமியில், உலகத்துக்கு ஒரு சின்னம் வேண்டுமென்றால் அந்தச் சபை தன் இடத்தை இழக்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் செய்திருக்கலாமே, ஒரு பக்கச் சுவரை அப்படியே நிறுத்தி மறுபக்கம் கட்டியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. போரில் சிதைந்த ஐரோப்பியக் கோயில்கள் சிலவற்றில் அப்படிச் செய்தும் இருக்கிறார்கள். அந்த வகையில் நாகசாகிக்கு இது நஷ்டம்தான். ஆனால் அந்த நஷ்டத்தை 8,500 பேரைப் பறிகொடுத்த சபையின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.

புதுக் கோயில் 1959-ல் கான்கிரீட்டில் எழுந்தது. அதே ஆண்டு நாகசாகி உயர்மறைமாவட்டமாயிற்று. 1962-ல் ஓவுராவிலிருந்த ஆயர் இருக்கை உராகாமிக்கு மாறியது. அதாவது, 1945-ல் அழிந்தபோது இது சட்டப்படி பேராலயமே இல்லை, பங்குக் கோயில்தான். போப் வருகையை முன்னிட்டு 1980-ல் வெளிச்சுவருக்குச் செங்கல் போர்த்தி, பழைய கோயிலின் சாயலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு விசித்திரம்: மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் இடங்கள் 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது, உராகாமிக்காரர்கள் போய் நின்ற ஓவுரா கோயில் அதில் இடம்பெற்றது; அவர்கள் சொந்தமாகக் கட்டிய உராகாமி இல்லை. இப்போதுள்ள அதன் கட்டடம் 1959-ஐச் சேர்ந்தது.

போன பொருள்கள் சில திரும்பி வந்திருக்கின்றன. பீடத்தின் மேலிருந்த மர மாதா சுரூபத்தின் தலையை, 1945 இலையுதிர் காலத்தில், ராணுவத்திலிருந்து விடுபட்டு வந்த துறவி நோகுச்சி இடிபாட்டில் கண்டெடுத்தார். ஹொக்கைதோவில் தம் மடத்துக்கு எடுத்துப்போய் வைத்திருந்தவர் 1975-ல் திருப்பிக் கொடுத்தார். கன்னத்தில் கரி, கண்ணாடி விழிகள் இருந்த இடத்தில் இரண்டு கரும்பள்ளங்கள். அமெரிக்க மரைன் படை வீரர் ஒருவர் கொண்டுபோன மரச்சிலுவை, ஒஹாயோவின் வில்மிங்டன் கல்லூரியிலிருந்து 2019-ல் வந்து சேர்ந்தது.

கடைசியாக மணி. அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியின் சமூகவியல் பேராசிரியர் ஜேம்ஸ் நோலன், அணுகுண்டுத் திட்டத்தில் மருத்துவராக வேலை பார்த்தவரின் பேரன். தாத்தா குண்டு விழுந்த சில வாரங்களில் நாகசாகிக்கு வந்து பார்த்தவர். பேரன் ஆய்வுக்காக உராகாமிக்கு வந்தபோது, பங்கைச் சேர்ந்த ஒருவர், அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் இடது கோபுரத்துக்கு ஒரு மணி கொடுத்தால் எப்படி இருக்கும் என்று பேச்சுவாக்கில் கேட்டார். நோலன் ஊர் ஊராகப் போய்ப் பேசி, 600-க்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 1,25,000 டாலர் திரட்டினார். அமெரிக்கப் பழங்குடிப் புனிதை கத்தேரியின் பெயரைத் தாங்கிய மணி 2025 ஜூலையில் கோபுரத்தில் ஏறியது. 1950-களிலும் அமெரிக்கப் பணம் வந்தது; அதற்கு என்ன நிபந்தனை இருந்திருக்கும் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். இந்த முறை கேட்டது உராகாமிக்காரர், கொடுத்தவர்கள் யார் என்பதும் எதற்கு என்பதும் வெளிப்படை.

நாகசாகிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குண்டு வெடித்த புள்ளிக்கு நேர் கீழேயுள்ள பூங்காவில் ஒரு செங்கல் தூண் துண்டு நிற்கும். பேராலயத்தின் தெற்குச் சுவரிலிருந்து 1958-ல் பெயர்த்து வந்து நட்டது அது. அதைப் பார்த்துவிட்டுக் கோயிலைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடாதீர்கள். பத்து நிமிஷம் நடந்தால் குன்றின் மேல் கோயில். முகப்பின் அருகே கருகிய புனிதர் சுரூபங்கள் வெளியிலேயே நிற்கின்றன. கோயிலின் வடக்குச் சரிவில் இறங்கினால் ஓடைப் பக்கம் அந்த 50 டன் கோபுரத் துண்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் பூசை நடக்கும். படம் எடுக்க உள்ளே விட மாட்டார்கள்.